நின்று சொல்லும் சேதி

யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் எழுந்து நின்றால், அந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேர்கிறது?

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். சீருடைக் கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொள்கிறார். ஒரு மிடறு வெந்நீர். வளைந்த கழுத்துள்ள மைக்கைத் தன் உயரத்துக்கு நிமிர்த்திக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குகிறார். கீழே பெரிய கூடத்தில் தலைகள் நிமிர்கின்றன. மேலே இருக்கும் இந்தக் கண்ணாடி அறையை நோக்கி ஒரு தலைகூட நிமிர்வதில்லை. தம் விமானம் ரத்து என்று கேட்கிறவர்கள் தகவல் பலகையைப் பார்ப்பார்கள், கைபேசியைப் பார்ப்பார்கள், மனைவி முகத்தைப் பார்ப்பார்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேட யாருக்கு நேரம்?

காணாமல் போன குழந்தை, கேட்பாரற்றுக் கிடக்கும் பை, வாசல் மாற்றம், தாமதம் எல்லாவற்றையும் அவர் உட்கார்ந்துதான் வாசிப்பார். விமானம் ரத்து என்ற அறிவிப்புக்கு மட்டும் எழுந்து நிற்பார். விமான நிறுவனம் ஒன்றில் அறிவிப்பாளராகச் சேர்ந்த காலத்திலிருந்து இப்படித்தான் என்கிறார்கள்.

ஒருமுறை அந்த அறைக்குப் போயிருந்தபோது காரணம் கேட்டேன். "உக்காந்து சொன்னா குரல் வயித்துல மடிஞ்சுடும்" என்றார். பக்கத்தில் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கி மெக்கானிக் விடவில்லை. "அப்போ லேட்டுன்னு சொல்றப்போ மட்டும் மடியாதா மேடம்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு வேற வேலையே கிடையாதா?"

வழக்கமான அறிவிப்புகள் எல்லாம் இப்போது இயந்திரத்தின் பொறுப்பு. ஆனால் அதில் இருப்பதும் இவர் குரல்தான். இளம் வயதில் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். இயந்திரம் அவற்றைக் கோத்துச் சொல்கிறது. மெக்கானிக்குக்கு அந்தக் குரல் "பழைய மேடம்". எதிரில் உட்கார்ந்திருப்பவர் "புது மேடம்". பழைய மேடத்துக்கு வயதாவதில்லை, தொண்டை கட்டுவதில்லை, சம்பளமும் இல்லை. "நல்ல சேதி பூரா அவ சொல்லிடறா. வம்பு வந்தா மட்டும் என்னைத் தேடுறாங்க" என்று புது மேடம் அலுத்துக்கொள்வார். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "ரத்து மேடம்". அந்தப் பெயரை அவர் முன்னாலேயே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. அவர் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி, "பேசறதுக்கு சம்பளம் வாங்கறவளைக் கட்டிக்கிட்டேன் சார். வீட்ல இலவசமா ஒரு வார்த்தை வராது" என்பார். வந்தால் அது அறிவிப்பாக வரும். "சாப்பாடு மேசைல இருக்கு. இது கடைசி அழைப்பு" என்ற குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கல்லூரிக்குப் போகும் மகள் தன் அறையிலிருந்து, "பயணி வந்துகொண்டிருக்கிறார்" என்று கத்துவாள்.

அவரைக் கொண்டாடி எழுத எனக்கு எண்ணமில்லை. பிடிவாதக்காரர். அவருடைய நாற்காலித் திண்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் அன்று முழுவதும் அந்த ஆளோடு பேசமாட்டார். மெக்கானிக் எவ்வளவு பாடுபட்டுச் சரி செய்தாலும் "இரையுது" என்பார், நன்றி சொல்லமாட்டார். எழுந்து நிற்பதைக்கூட நெடுநாள் நான் ஒரு பழக்க தோஷமாகத்தான் எண்ணினேன். பார்க்க ஆளில்லாதபோதும் செய்யப்படுவதே கடமை என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் பார்க்க ஆளில்லாதபோது மனிதன் செய்வதில் பெரும்பகுதி வெறும் பழக்கம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. எது எதுவென்று தெரிய, பழக்கத்தால் சமாளிக்க முடியாத ஒரு நாள் வர வேண்டும்.

அந்த நாளைச் சொல்வதற்கு முன் ஒரு குமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மைக்கில் சாதாரணப் பொத்தான்தான். ஒருமுறை அவர் அறிவிப்பை முடித்துவிட்டு, பொத்தானைச் சரியாக அணைக்காமல் கணவருக்குப் போன் செய்தார். "கத்திரிக்காய் வாங்காதீங்க, போன தடவை பூரா புழு. முத்தலா இருந்தா வெண்டைக்காயும் வேண்டாம்" என்று மொத்தக் கூடமும் கேட்டது. பயணிகள் கைதட்டினார்களாம். அதற்குப் பிறகு மெக்கானிக் வேறு குமிழ் பொருத்தினான். கீழே அழுத்தி, அழுத்தியபடியே திருப்பினால்தான் மைக் உயிர் பெறும். உயிர் பெற்றால் தலையில் சிவப்பு விளக்கு எரியும். "இனிமே உங்க காய்கறி ரகசியம் வெளிய போகாது மேடம்" என்றான். அவர் வழக்கம்போல், "இரையுது" என்றார்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய ஓய்வு வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் விமானப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவருடைய நாத்தனாரும் அவர்களில் ஒருத்தி. போராட்டம் தொடங்கிய அன்று காலையில் அட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்ததால் பேச்சு எங்கள் வாசல்வரை வந்தது.

"அண்ணி, எங்க போராட்டத்தை மைக்குல 'எதிர்பாராத சூழ்நிலை'ன்னு சொல்லப் போறீங்களாமே. மழை வந்த மாதிரி, புயல் அடிச்ச மாதிரி?"

"குடுக்கறதை வாசிக்கறது என் வேலை."

"புயலுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணி. புயல் அடிச்சா கம்பெனி நஷ்டஈடு தர வேண்டாம். சொந்த ஆளுங்க வேலைநிறுத்தம்னா தரணும். வெளிய நிக்கிற நாங்களே பயணிங்ககிட்ட சொல்லிட்டுதான் இருக்கோம், பணத்தைத் திருப்பி வாங்கிட்டு ஏமாந்துடாதீங்க, வேற விமானத்துல அனுப்பச் சொல்லுங்கன்னு. உள்ள இருக்கற உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டீ. நீ கேக்கறதும் நியாயம், உள்ள மாட்டிக்கிட்டவங்க கேக்கறதும் நியாயம். ரெண்டு நியாயமும் சேந்து என் தலைல விடியுது. சாப்பிட்டுப் போ, வெயில்ல நிக்கணும்ல."

அதற்கு அடுத்த நாள் மதியம் நானும் அந்தக் கூடத்தில் ஒரு பயணி. என் பயணம் அவசரமானதல்ல. பெட்டியின் மேலே உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகள் போதாமல் தரையெல்லாம் மனிதர்கள். அழுத குழந்தைகள் தூங்கிவிட, தூங்கிய குழந்தைகள் விழித்து அழுதன. காலையிலிருந்து ரத்துக்கு மேல் ரத்து. பழைய மேடத்தின் குரல் அன்று ஒலிக்கவே இல்லை. எல்லாம் புது மேடம்தான். எல்லாம் நின்றபடிதான். கடைசி அறிவிப்பில் குரல் கரகரத்தது.

"பயணிகள் தங்கள் கட்டணத்தைக் கவுண்டரில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்." இதுதான் நிறுவனம் அனுப்பிய வாசகத்தின் கடைசி வரி. கூட்டம் எழுந்து அந்தக் கவுண்டரை நோக்கி ஓடியது.

சட்டம் சொல்வது இதைவிட ஒரு வரி கூடுதல். விமானம் ரத்தானால் பயணி கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அல்லது, வேறு நிறுவனத்தின் விமானமானாலும் சரி, தன்னை ஊர் சேர்க்கும்படி கேட்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டால் ஊர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கிவிடும். அந்த இரண்டாவது வரி வாசகத்தில் இல்லை. வாசிப்பதற்கு முன் அவர் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தாராம். "சார், இன்னொரு வரி விட்டுப்போச்சு." அந்தக் கண்காணிப்பாளரும் கெட்டவரல்ல. அன்று அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர். "எல்லாரும் இன்னொரு விமானம் கேட்டா நான் எங்க மேடம் போவேன்? மத்த கம்பெனிங்கள்ள இருக்கற சீட்டே கொஞ்சம். கேட்டு வர்றவங்களுக்கு நான் பாத்துத் தரேன். நீங்க இருக்கறதை வாசிங்க."

இருந்ததை வாசித்தார்.

அப்போதுதான் ஒரு பெண் மாடிப்படி ஏறிப்போய் அந்த அறைக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவள் ஒரு வெல்டரின் அக்கா. தம்பியை வழியனுப்ப வந்தவள். பிறகு என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் அவளே சொன்னாள். குரலில் அவளுக்கு மைக் தேவையில்லை.

"ரத்துன்னு சொன்னது நீங்கதானே? நீங்களே பிளேனை விடுன்னும் சொல்லிடுங்களேன்னு கேட்டேன் சார். எனக்கென்ன தெரியும், அவங்கதான் பிளேன் ஓட்டறவங்கன்னு நினைச்சேன்."

ரத்து மேடம் அவளை உட்காரச் சொல்லியிருக்கிறார், அதுவும் தன் திண்டில். அவள் உட்காரவில்லை. தம்பி வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன். விடுப்பில் வந்தவன் நாளை மாலைக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் அவனுடைய பெர்மிட் காலாவதி ஆகிவிடும். பெர்மிட் போனால் வேலை போச்சு. மறுபடி எல்லாம் முதலிலிருந்து. "வாயில்லாப் பூச்சி சார் அவன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். பணம் தராங்கன்னு சொன்னதும் பத்தோட பதினொண்ணா வரிசைல போய் நின்னுட்டான். அவன் போனும் என் பைல." கண்ணாடி வழியே கீழே பார்த்தால், கூட்டத்தின் நடுவே கவுண்டரை நெருங்கிக்கொண்டிருந்தது அவன் முதுகு. படியிறங்கி அந்தக் கூட்டத்தைப் பிளந்து போய்ச் சேர்வதற்குள் அவன் முறை வந்துவிடும்.

அதற்குப் பிறகு அறையில் நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் இருந்த எல்லோரையும்போல் நானும் கேட்டேன்.

ஒலிபெருக்கிகளில் லேசாக ஓர் இரைச்சல். பிறகு, எந்த அறிவிப்பிலும் வராத அன்றாடப் பேச்சு.

"...பணத்தை வாங்கிட்டா அதோட முடிஞ்சுதும்மா. அப்புறம் ஊர் சேத்து விடணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை."

"வாங்காம வேற என்னங்க பண்றது?"

"வேற விமானத்துல ஏத்தி விடுங்கன்னு கேக்கணும். வேற கம்பெனியா இருந்தாலும் சரி. கெஞ்ச வேண்டாம். அது உங்க உரிமை. விமானம் கிடைக்கற வரைக்கும் சாப்பாடு, தங்க இடம் எல்லாம் இவங்க பொறுப்பு."

"நஷ்டஈடு கிஷ்டஈடு ஏதோ சொல்றாங்களே வெளிய?"

"அதுவும் உண்டு. வேலைநிறுத்தம் பண்றது கம்பெனியோட சொந்த ஆளுங்க. அதைப் பின்னாடி எழுதிக் கேட்டு வாங்கிக்கலாம். முதல்ல ஊர் போய்ச் சேர வழியைப் பாருங்க."

"ஐயையோ, அவன் கவுண்டருக்கே போயிட்டானே! டேய்! டேய் தம்பி! வாங்காதடா! கையை எடுடா, மடையா!"

கூடமே அதிர்ந்தது. கவுண்டர் முன்னால் நின்ற ஒல்லியான இளைஞன் பாம்பு தீண்டியதுபோல் கையை இழுத்துக்கொண்டான். அவன் மட்டுமல்ல. பக்கத்துக் கவுண்டரில் கையெழுத்துப் போடக் குனிந்த பெரியவர் பேனாவைக் கீழே போட்டார். தொப்பி போட்ட ஒருவர், நீட்டிய கையை அப்படியே சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று அந்தக் கூடத்தில் யாருக்குத்தான் ஓர் அக்கா தேவைப்படவில்லை? வெல்டர் கூரையைப் பார்த்தான். வானத்திலிருந்து தன் அக்காவின் குரல் வந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? காலையிலிருந்து சிரிப்பே கேட்காத இடத்தில் ஒருவர் சிரிக்க, மற்றொருவர் சிரிக்க, வரிசை கலைந்தது. பிறகு அதே மனிதர்கள் வேறு கேள்வியோடு வரிசையில் நின்றார்கள்.

எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்று சொன்னால் பொய். சிலர் இரண்டு நாள் காத்திருந்தார்கள். ஆனால் மாலைக்குள் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். வெல்டரின் பெர்மிட்டைப் பார்த்த கண்காணிப்பாளர், சொன்ன வாக்குக்குக் குறை வைக்காமல், தாமே மற்ற நிறுவனங்களோடு பேசி, இரண்டு இடங்களில் மாறிச் செல்லும்படி அவனுக்கு ஒரு வழி தேடிக் கொடுத்தார். மறுநாள் மாலை மேடத்தின் அறைக்கு ஒரு போன் வந்தது. "காலை வச்சுட்டானாம்மா! வச்சுட்டானாம்!" அந்தக் குரலைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்ததாம்.

நஷ்டஈடும் சில மாதம் கழித்து வந்தது. "அதுல எனக்கு என்னடா வாங்கித் தரேன்னு கேட்டேன் சார். உனக்கு மைக் மட்டும் வாங்கித் தரவே மாட்டேன்றான்" என்றாள் அக்கா. நிறுவனத்தின் ரத்து வாசகத்தில் இப்போது அந்த இரண்டாவது வரியும் இருக்கிறது. யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேலைநிறுத்தமும் முடிந்தது. நாத்தனாருக்கு இப்போது பயணங்களுக்கு நடுவே தூங்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து அரட்டை அடிக்கிறாள்.

விசாரணை நடக்காமல் இருக்குமா? நடந்தது. மைக் எப்படி உயிர் பெற்றது என்பதே கேள்வி.

"ஆன்ல இருந்துது சார்" என்றாராம் ரத்து மேடம்.

"அது தெரியுது மேடம். எப்படி ஆன் ஆச்சு?"

"அந்தப் பொண்ணு போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணுமே புரியலை சார்."

வெல்டரின் அக்காவையும் போனில் கேட்டார்கள். "குமிழாவது கிமிழாவது? என் கண்ணு பூரா என் தம்பி முதுகுலதான் இருந்துது" என்றாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கை தவறிப் பட்டால் ஆன் ஆகுமா என்றார்கள். "மெஷின்தானே சார், அதுக்கு என்ன உத்தரவாதம்? மேடம்கூட இரையுது இரையுதுன்னு சொல்லிட்டேதான் இருந்தாங்க" என்றான். என்னிடம் மட்டும், "நானே மாட்டின குமிழ் சார். யானை மிதிச்சாலும் தானா ஆன் ஆகாது" என்று சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்த்தான். வாய்மொழி எச்சரிக்கையோடு விவகாரம் முடிந்தது. மனைவியிடம் கணவர் கேட்டுப் பார்த்தார். மகள் கேட்டாள். நாத்தனார் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டாள். நானும் கேட்டேன். "குழம்பு அடுப்புல இருக்கு" என்று உள்ளே போய்விட்டார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது மட்டும், "பாத்ததை எழுதுங்க" என்றார்.

பார்த்தது ஒன்று உண்டு. அந்தப் பேச்சு ஒலிக்கத் தொடங்கியபோது கூடம் முழுவதும் ஒலிபெருக்கிகளைப் பார்த்தது. குரலுக்கு உரியவரை அறிந்தவன் என்பதால் நான் கண்ணாடி அறையைப் பார்த்தேன். வெல்டரின் அக்கா இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றிக் கீழே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலி தள்ளிக் கிடந்தது. கோட்டின் கடைசிப் பொத்தானும் போட்டிருந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். மைக்கின் வளைந்த கழுத்தை இரண்டு விரல்களால் பிடித்து, மெல்ல, அந்தப் பெண்ணின் வாய்ப்பக்கம் திருப்பி வைத்தார்.